நகை மதிப்பீட்டை யாரிடம் வாங்குவது? வரிக்கும் வழக்குக்கும் எடுபடும் காகிதம் எது?

அத்தை இறந்தபின் அவருடைய நகைக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவருக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர்தான் வாரிசுகள். பெட்டியில் இருந்தவற்றில் பெரிய உருப்படி ஒரு மோதிரம். நடுவில் நீலக்கல், இரு பக்கமும் ஒவ்வொரு வைரம். அந்த ஒரு மோதிரத்துக்கு இரண்டு வாரத்துக்குள் மூன்று மதிப்புகள் என் கைக்கு வந்துவிட்டன. ஒன்று, பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்த காப்பீட்டுச் சான்று. இன்னொன்று, பழைய நகை வாங்கும் ஒரு கடைக்காரர் சீட்டில் எழுதிக்கொடுத்த தொகை. மூன்றாவது, ஓர் ஏல நிறுவனம் சொன்ன உத்தேசம். காப்பீட்டுச் சான்றில் இருந்ததை 100 என்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொன்னது 22. ஏலத்தார் சொன்னது 35-இலிருந்து 45 வரை.

யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு ஒவ்வொரு காகிதத்தையும் நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது: மூன்று பேரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி, அவர்கள் பதில் சொன்னது மூன்று வேறு கேள்விகளுக்கு. வரி அலுவலகமோ நீதிமன்றமோ கேட்கும் கேள்வி எது என்று தெரிந்தால்தான் யாரிடம் போவது என்று முடிவெடுக்க முடியும். அதனால் ஆட்களை ஒப்பிடுவதற்கு முன் மதிப்புகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எந்த மதிப்பு, எந்த நாளின் மதிப்பு

காப்பீட்டுச் சான்று சொல்வது, இந்த மோதிரம் தொலைந்துபோனால் இதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பதை. இதை மறுவாங்கல் மதிப்பு என்று சொல்லலாம். கடை வாடகை, செய்கூலி, லாபம், விற்பனை வரி எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய நகை வாங்குபவர் சொல்வது இதற்கு நேர் எதிர்முனை: இன்றைக்கே பணம் எண்ணிக் கொடுத்து, உருக்கியோ மறுபடி விற்றோ லாபம் பார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு கொடுக்கலாம் என்பது. இது உடனடி விற்பனை மதிப்பு.

வரிச் சட்டங்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தை மதிப்பை. வாங்க விருப்பமுள்ள ஒருவரும் விற்க விருப்பமுள்ள ஒருவரும், இருவருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லாமல், விவரம் தெரிந்து ஒத்துக்கொள்ளும் விலை என்று அமெரிக்க வரி விதிகள் இதை விளக்குகின்றன. பிரிட்டனின் 1984-ஆம் ஆண்டு வாரிசுரிமை வரிச் சட்டம், 160-ஆம் பிரிவில், திறந்த சந்தையில் அந்த நேரத்தில் விற்றால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலை என்கிறது. வார்த்தைகள் வேறு, கருத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் விலைச்சீட்டு அது கிடையாது. அவசரத்துக்கு விற்றுக் கிடைக்கும் விலையும் கிடையாது.

அடுத்தது தேதி. சொத்துக் கணக்குக்கு இறந்த நாள், நன்கொடைக்குக் கொடுத்த நாள், விவாகரத்துக்கு நீதிமன்றம் குறிக்கும் நாள் என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நாள் உண்டு. தங்கம் 2001 ஏப்ரலில் ஒரு டிராய் அவுன்ஸ் சுமார் 260 டாலர். 2011 செப்டம்பரில் 1,900 டாலரை நெருங்கியது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். அந்த இரண்டு நாள்களில் எது என்பதைப் பொறுத்து ஒரே வளையல் ஏழு மடங்கு வேறுபடுகிறது. இந்தியாவில் 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்ட நகையை இப்போது விற்றால், அந்த நாளின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக, அதாவது அடக்கவிலையாக, எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு இன்றைய விலையைச் சொல்பவரால் பயனில்லை. பழைய விலைப்பட்டியல்களையும் ஏல முடிவுகளையும் வைத்து அந்த நாளுக்குப் பின்னோக்கி மதிப்பிடத் தெரிந்தவர்தான் தேவை. நல்ல மதிப்பீட்டாளர்களுக்கு இது வழக்கமான வேலை.

கையில் ஏற்கெனவே இருக்கும் சான்று

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பெட்டியில் ஒரு சான்று இருக்கிறது, அதில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன, அப்புறம் எதற்கு இன்னொன்று?

நகையை விற்ற கடையே எழுதிக்கொடுத்த சான்று என்றால் அதில் ஒரு சங்கடம் உண்டு. வாங்கியவர் மனம் குளிர, விற்ற விலைக்கு மேலேயே எழுதிக்கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக உள்ள பழக்கம். வாங்கியவருக்கும் நல்ல விலைக்கு வாங்கிவிட்டோம் என்று ஒரு திருப்தி. ஆனால் அந்தத் தொகையை வாரிசுச் சொத்துக் கணக்கில் எழுதினால், இல்லாத மதிப்புக்கு வரி கட்டுகிறீர்கள். நன்கொடைக்காகக் கேட்கும் வரிக்கழிவில் எழுதினால், கிடைக்காத மதிப்புக்குச் சலுகை கேட்கிறீர்கள். அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கில் சரியான மதிப்பின் 150 சதவீதத்தையோ அதற்கு மேலோ காட்டியிருந்தால், அதனால் குறைந்த வரியின்மேல் 20 சதவீதம் அபராதம் வரக்கூடும்; 200 சதவீதத்தைத் தொட்டால் அது 40 சதவீதம். காப்பீட்டுச் சான்றை அப்படியே எடுத்து இணைப்பவர் இந்த எல்லையைத் தெரியாமலே தாண்டிவிடலாம்.

பழைய சான்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். கல்லின் அளவு, எடை, வாங்கிய ஆண்டு, அன்று எடுத்த படம் எல்லாம் அதில் இருக்கும். புதிதாக மதிப்பிடுபவருக்கு அது நல்ல துணை. தொகையை மட்டும் நம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

வாங்குபவரும் அடகு பிடிப்பவரும்

கல் இல்லாத சாதாரணத் தங்கச் சங்கிலிக்கு இவர்கள் சொல்வது மோசமாக இருக்காது. எடை, மாற்று (தங்கத்தின் தூய்மை), அன்றைய விலை மூன்றும் தெரிந்தால் கணக்கு முடிந்துவிடுகிறது: 22 கேரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 18 கேரட் என்றால் 750, 14 கேரட் என்றால் 585. கடைகளில் இருக்கும், எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி சில நொடிகளில் மாற்றைச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கதிர் தங்கத்தின் மேல்தோலில் மிக மெல்லிய அளவுக்குத்தான் இறங்கும். கனமாக முலாம் பூசிய உருப்படியையோ, உள்ளே அரக்கோ வேறு உலோகமோ நிரப்பிய உருப்படியையோ அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. துல்லியமாக வேண்டுமென்றால் துணுக்கு எடுத்து நெருப்பில் புடமிட்டுச் சோதிக்க வேண்டும். நகையில் அந்தத் துணுக்கு போய்விடும்.

கல் வைத்த நகைக்கு இவர்கள் வழி சரிப்படாது. கடன் கொடுப்பவருக்கு வேண்டியது கடன் திரும்பாவிட்டால் உருக்கி எடுக்கக்கூடிய தங்கம். அதனால் கல் எடையைக் கழித்துவிட்டு உலோகத்துக்கு மட்டும் மதிப்புப் போடுவார். அது அவர் தொழிலுக்குச் சரியான கணக்கு, உங்கள் தேவைக்கு அரைக் கணக்கு. இதோடு வாங்க விரும்புகிறவரே மதிப்பும் சொல்லும்போது அவருடைய ஆதாயம் அதில் கலந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

ஆய்வுக்கூட அறிக்கை

இங்கே ஒரு குழப்பத்தை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். ஜிஐஏ அறிக்கை இருக்கிறது, அதனால் மதிப்பீடு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிஐஏ, வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை தரம் பிரிக்கும் முறையை உருவாக்கிய அமைப்பு. அதன் அறிக்கையில் எடை, நிறம், தெளிவு, வெட்டு, இயற்கையா ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதெல்லாம் இருக்கும். விலை இருக்காது. ஆய்வுக்கூடம் கல் என்ன என்று சொல்கிறது. அது எவ்வளவு பெறும் என்பது வேறொருவர் வேலை.

அப்படியானால் அந்தச் செலவு எதற்கு? சில கற்களில் அந்த ஒரு தாளைப் பொறுத்தே மதிப்பு பல மடங்கு ஏறும், இறங்கும். நீலக்கல்லையும் மாணிக்கத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது மிகச் சாதாரணமான பழக்கம். சூடேற்றாத நல்ல கல் அரிது, அதனால் விலை கூடுதல். மாணிக்கத்தின் வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பியிருக்கலாம். மரகதத்தில் எண்ணெய் ஏற்றியிருக்கலாம். முத்து இயற்கையாக விளைந்ததா வளர்க்கப்பட்டதா என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். கல் எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதும் விலையை மாற்றும். நிறக் கற்களுக்குச் சுவிட்சர்லாந்தின் கியூபலின், எஸ்எஸ்இஎஃப் ஆய்வுக்கூடங்களின் அறிக்கையை ஏலத்தில் வாங்குபவர்கள் எதிர்பார்ப்பது இதனால்தான்.

பழைய நகை என்பதால் கல்லும் இயற்கையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துவிட வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னாய் நெருப்புச் சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் அறிவித்தார். அதற்குப் பின் செய்த எந்தச் சிவப்புக்கல் நகையிலும் அந்தச் செயற்கை மாணிக்கம் இருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரியும். வைரத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமேதான். வெப்பம் கடத்துவதை வைத்துச் சோதிக்கும் கைப்பேனா போன்ற கருவிக்கு அதற்கும் சுரங்க வைரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வைரம் போலத் தோன்றும் மொய்சனைட் கல்லைக்கூட அந்தக் கருவி வைரம் என்று சொல்லிவிடும். விலையிலோ இடைவெளி மிகப் பெரியது.

ஆனாலும் எல்லாக் கல்லையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது வீண்செலவு. வைரத்தைத் தரம் பிரிக்க ஜிஐஏ அதைத் தனிக்கல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். நகையிலிருந்து கழற்ற வேண்டும், திரும்பப் பதிக்க வேண்டும், பழைய பிடிகள் உடையக்கூடும். நகையில் இருந்தபடியே எடையை ஓரளவு கணிக்க வழி இருக்கிறது: வட்ட வைரத்தின் விட்டத்தை அதே விட்டத்தாலும், பிறகு உயரத்தாலும், பிறகு 0.0061-ஆலும் பெருக்கினால் எடை கேரட்டில் வந்துவிடும், அளவுகள் மில்லிமீட்டரில். தங்கத்தின் மாற்றைச் சொல்லும் கேரட் வேறு, இது கல்லின் எடை. 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் சுமார் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். பொடிக்கற்களுக்கு இது தாராளமாகப் போதும். நகையின் மதிப்பில் பெரும்பகுதியைத் தாங்கும் ஒரு கல் இருந்தால், அதற்கு மட்டும் அறிக்கை வாங்குங்கள்.

ஏல நிறுவனம்

சந்தை மதிப்பு என்பதற்கு மிக நெருக்கமான ஆதாரம் ஏல முடிவுகள்தான். இதே போன்ற மோதிரம் பொதுவில், போட்டியில், இந்த விலைக்குப் போனது என்று காட்ட முடியும். கார்ட்டியே போன்ற புகழ்பெற்ற நகை நிறுவனத்தின் பெயர் பொறித்த நகை, ஒரு காலகட்டத்தின் பாணியில் செய்த நகை இவற்றுக்கு உலோகத்தையும் கல்லையும் கூட்டினால் மதிப்பு வராது. அந்தப் பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் கூடுதலாக எவ்வளவு கிடைக்கும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏலத் துறைக்காரர்கள். பழங்கால முறையில் பட்டை தீட்டிய பழைய வெட்டு வைரங்களின் அருமையும் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஏல உத்தேசமும் வரிக்கு எழுதிக்கொடுக்கும் முறையான மதிப்பீடும் வேறு வேறு. உத்தேசம் ஒரு வீச்சாக இருக்கும். கேட்பவர்களை இழுக்கச் சற்றுத் தாழ்த்தியும் வைப்பார்கள். வரிக் கணக்குக்கு ஒற்றைத் தொகை, ஒரு தேதி, ஒரு கையெழுத்து வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். பின்னால் அவர்கள் மூலமே விற்றால் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் நிறுவனங்களும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். அடுத்தது, சுத்தியல் தட்டும் விலைக்கு மேல் வாங்குபவர் நிறுவனத்துக்கு ஒரு தரகும் கொடுக்கிறார். எழுதிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று அறிக்கை தெளிவாகச் சொல்ல வேண்டும். சொத்துக் கணக்கில் இந்த ஒரு வரி பெரிய வித்தியாசம் செய்யும்.

விற்பது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்ட பழைய, பெரிய நகைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சாதாரண நகைகள் நிறைய இருக்கும் பெட்டிக்கு இது பொருந்தாது. அவர்களுக்கும் அதில் ஆர்வம் இருக்காது.

தனி மதிப்பீட்டாளர்

வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மதிப்பு எழுதிக்கொடுத்துக் கட்டணம் வாங்குவதே தொழில். வரிக்கும் வழக்குக்கும் என் முதல் தேர்வு இவர்தான். அதற்குக் காரணம் அவருக்கு மற்றவர்களைவிடக் கல் அதிகம் தெரியும் என்பது அல்ல. அவர் எழுதும் தொகை கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஒன்றும் இல்லை என்பதே.

இதனால்தான் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார் என்பதை முதலில் கேளுங்கள். மணிக்கணக்கில் வாங்கலாம், உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கலாம். மதிப்பில் சதவீதம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் நன்கொடைக்கான மதிப்பீட்டில் சதவீதக் கட்டணத்துக்கு விதியிலேயே தடை இருக்கிறது. மற்ற இடங்களில் தடை இல்லாவிட்டாலும், மதிப்பு ஏறினால் சம்பளம் ஏறும் ஒருவருடைய காகிதத்தை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அடுத்தது படிப்பு. ரத்தினவியல் ஒரு படிப்பு, மதிப்பீட்டு முறை இன்னொரு படிப்பு. ஜிஐஏ தரும் பட்டமோ, 1908-இல் லண்டனில் வேர்விட்ட ஜெம்-ஏ அமைப்பின் எஃப்ஜிஏ பட்டமோ இருந்தால் கல்லை அடையாளம் காணத் தெரியும் என்று பொருள். எந்த மதிப்பு, எந்தச் சந்தை, எந்த நாள், எப்படி ஒப்பிடுவது என்பதைத் தனியாகக் கற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் யுஎஸ்பாப் என்ற தொழில் நெறிமுறை இருக்கிறது. அதன்படி எழுதுபவர், இந்தப் பொருளில் தனக்கு எந்த ஆதாயமும் இல்லை, தன் கட்டணம் முடிவைச் சார்ந்தது இல்லை என்று கையெழுத்திட்டு உறுதி கூற வேண்டும். இந்தியாவில் வரி அதிகாரிகளுக்காக என்றால் அரசிடம் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்ற தனிப் பிரிவே இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் எந்தப் பதிவை அதிகாரிகள் ஏற்கிறார்கள் என்பதை உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு ஆளைத் தேடுவதுதான் சரியான வரிசை.

மூன்றாவது கேள்வி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறாரா என்பது. எழுதியதைக் குறுக்கு விசாரணையில் நின்று விளக்க முடியாதவருடைய அறிக்கை வழக்கில் கால்வாசிப் பலம்கூடப் பெறாது.

இவரிடம் குறை இல்லையா? இருக்கிறது. செலவு அதிகம், நேரமும் ஆகும். எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். நவீன நகைகளில் தேர்ந்தவருக்கு நூறாண்டுப் பழைய நகையின் சந்தை தெரியாமல் இருக்கலாம். நேர்மையானவர் அதை அவரே சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்புவார். நான் போனவர் அப்படித்தான் அத்தையின் முத்துமாலையைப் பார்த்துவிட்டு, இதற்கு ஆய்வுக்கூடம் பதில் சொல்லட்டும் என்று எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

படம் அனுப்பினால் மதிப்புச் சொல்லும் இணையச் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. விற்கலாமா வேண்டாமா என்று மனதுக்குள் ஓர் அளவு தெரிந்துகொள்ள உதவும். நகையைக் கையில் எடுக்காமல், எடை போடாமல், பத்து மடங்கு உருப்பெருக்கியில் கல்லைப் பார்க்காமல் எழுதியதை வரிக்கோ வழக்குக்கோ இணைக்காதீர்கள்.

எந்தக் காரியத்துக்கு எவர்

வாரிசுச் சொத்துக் கணக்குக்குத் தனி மதிப்பீட்டாளர், அல்லது பழைய பெரிய நகைகளுக்கு ஏல நிறுவனத்தின் எழுத்து மதிப்பீடு. அமெரிக்காவில் நகை, ஓவியம் போன்ற அரும்பொருள்களின் மொத்தம் 3,000 டாலரைத் தாண்டினால், இறந்தவர் சொத்துக்கான எஸ்டேட் வரிக் கணக்கோடு நிபுணர் உறுதிமொழியுடன் எழுதிய மதிப்பீட்டை இணைக்க வேண்டும் என்பது விதி. வரியைக் குறைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தாழ்த்தி எழுதச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆசை வேண்டாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலும் அன்று எழுதிய மதிப்பே நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் அடக்கவிலை. இன்று 40 என்று எழுதி, இரண்டு ஆண்டு கழித்து 90-க்கு விற்றால், நடுவில் உள்ள 50 ஆதாயமாகி உங்கள் தலையில் விழும்.

நன்கொடைக்கு விதிகள் இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் ஒரே வகைப் பொருள்களைச் சேர்த்து 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் வேண்டும். கொடுப்பதற்கு 60 நாளுக்கு மேல் முன்னால் எழுதிய மதிப்பீடு செல்லாது. கொடுப்பவரோ பெறுபவரோ மதிப்பிட முடியாது. நகையை உங்களுக்கு விற்ற கடையும் பொதுவாக முடியாது. இங்கே தனி மதிப்பீட்டாளரைத் தவிர வேறு வழியைத் தேடுவதில் அர்த்தமில்லை.

விவாகரத்திலும் பாகப்பிரிவினையிலும்தான் மனக்கசப்பு அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை அமர்த்தினால், ஒருவர் உயர்த்தியும் ஒருவர் தாழ்த்தியும் எழுதி, கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணில் வந்து நிற்கும். அந்த எண்ணுக்கு இரண்டு கட்டணம், பல மாதம். இருவரும் சேர்ந்து ஒரே நிபுணரை அமர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல். இங்கிலாந்தின் சிவில் வழக்கு விதிகளில் கூட்டாக அமர்த்தும் ஒற்றை நிபுணர் என்று இதற்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாத குடும்பங்களும் இதைப் பின்பற்றலாம்.

பிரிவினையில் இதைவிட முக்கியமானது, எல்லா உருப்படிக்கும் ஒரே வகை மதிப்பைப் பயன்படுத்துவது. காப்பீட்டுச் சான்றின்படி ஒரு தங்க வளையல் 100, ஒரு வைரப் பதக்கம் 100 என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு வளையல், தங்கைக்குப் பதக்கம். சமமாகப் பிரித்தாயிற்று என்று தோன்றும். ஆனால் விற்கப் போனால் வளையலில் பெரும்பகுதி தங்கத்தின் விலை, அதனால் 80 கிடைக்கலாம். பதக்கத்தில் பெரும்பகுதி கடை லாபமும் வேலைப்பாடும், அதனால் 30 கிடைக்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் சரிவு இப்படித்தான் இருக்கும். தங்கைக்கு அநியாயம் நடந்துவிட்டது, யாரும் வேண்டுமென்று செய்யாமலே. எல்லாவற்றையும் சந்தை மதிப்பில் எழுதச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. எங்கள் நால்வரிடையே ஏறக்குறைய எழுந்த சண்டை இதுதான் என்பதால் இதை இவ்வளவு சொல்கிறேன்.

திருட்டு, தொலைந்துபோவது, காப்பீட்டு உரிமை கோரல் இவற்றுக்கு மறுவாங்கல் மதிப்பு போதும். இங்கே கடைக்காரர் எழுதியதும் செல்லும். சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கையில் வாங்கும்முன் அறிக்கையில் பார்க்க வேண்டியவை

முதல் பக்கத்திலேயே எந்தக் காரியத்துக்கு, எந்த வகை மதிப்பு, எந்தத் தேதிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கை எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் எடை, மாற்று, அதை எப்படிச் சோதித்தார், கல்லின் அளவுகள், எடை அளந்ததா கணித்ததா, சூடேற்றம் போன்ற மாற்றங்கள், பழுதுகள், முத்திரைகள், படம் எல்லாம் வேண்டும். மதிப்புக்கு எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார் என்பதும் வேண்டும். ‘ஒரு நீலக்கல் மோதிரம், நல்ல தரம்’ என்று எழுதியதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் பேச முடியாது.

நகையைக் கொடுக்கும்முன் நீங்களே சுத்தம் செய்ய வேண்டாம். அதிர்வில் கழுவும் கருவியில் போட்டால் மரகதத்தில் ஏற்றிய எண்ணெய் வெளியேறிவிடும், முத்து கெட்டுவிடும். பழைய வெட்டு வைரத்தைப் புதிதாகப் பட்டை தீட்டினால் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எடையும் போகும், பழமைக்கான மதிப்பும் போகும். பழைய ரசீதுகள், படங்கள், முந்தைய சான்றுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கொடுக்கும்போது உருப்படிவாரியாக எழுதிய ரசீது வாங்குங்கள். முடிந்தால் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அத்தையின் பெட்டிக்குக் கடைசியில் தனி மதிப்பீட்டாளரிடம் போனோம். பெட்டி முழுவதற்கும் அவர், நீலக்கல்லுக்கும் முத்துமாலைக்கும் மட்டும் ஆய்வுக்கூடம். நீலக்கல் சூடேற்றியது என்று அறிக்கை வந்தது. காப்பீட்டுச் சான்று அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. மோதிரத்தின் சந்தை மதிப்பாக 38 எழுதினார். அதே எண் சொத்துக் கணக்கிலும் போனது, எங்களுக்குள் பிரித்த பட்டியலிலும் போனது. அத்தை தினமும் போட்டிருந்த சிவப்புக்கல் தோட்டில் உருப்பெருக்கியை வைத்துவிட்டு, அந்த வளைந்த கோடுகளைப் பார்க்கிறீர்களா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். வெர்னாய் மாணிக்கம். பட்டியலில் அதற்குத் தங்க எடை மட்டும் எழுதினோம். எங்களில் இளையவள் வேறு எதையும் பார்க்காமல் அதைத்தான் கேட்டாள்.